பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் ஒரு செஸ்னா காக்பிட்

தங்கச்சி, வீட்டில் பறந்து பழகும் சிமுலேட்டர் கட்ட எந்த யோக் (விமானத்தைத் திருப்பும் கைப்பிடி) வாங்கலாம், எத்தனை மொனிட்டர் வேண்டும், எந்த ஆர்டுவினோ (சுவிட்ச்களைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சின்ன மின்னணுப் பலகை) என்று நீங்கள் மஸ்கெலியாவிலிருந்து கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் சாமான் பட்டியல்தான். முழுதாக வாசித்தால் உள்ளே வேறு மூன்று கேள்விகள் இருக்கின்றன. உயர்தரம் எழுதி முடித்தாகிவிட்டது, அண்ணன் கொழும்பிலிருந்து பாவித்த கம்ப்யூட்டர் ஒன்று அனுப்பியிருக்கிறார், கையில் ஓர் இலட்சம் ரூபாய் இருக்கிறது. லயத்தில் சும்மா கிடக்கும் 10 அடிக்கு 12 அடி காம்பராவில் இவற்றை வைத்து விமான காக்பிட் கட்ட முடியுமா? நம் மழைக்கும் இடிக்கும் கரண்டுக்கும் அது தாங்குமா? அதில் பழகினால் பிறகு விமானியாவதற்கு உதவுமா? முதல் இரண்டுக்கும் பதில் ஆம். மூன்றாவதுக்குப் பாதி ஆம்; அந்தப் பாதி எது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் விமானி இல்லை. தேயிலைத் தொழிற்சாலைகளில் மோட்டார், கட்டுப்பாட்டுப் பெனல், வயரிங் வேலை பார்ப்பவன். பண்டாரவளைப் பக்கம் என் வீட்டில் பல வருடங்களாகச் செஸ்னா 172 என்ற நான்கு இருக்கைச் சிறு விமானத்தின் காக்பிட் ஒன்றைக் கட்டி, பிரித்து, திரும்பக் கட்டிக்கொண்டு இருக்கிறேன். ஆகவே மின்சாரம், சுவிட்ச், பலகை பற்றிச் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். பறப்பது பற்றிச் சொல்வது வாசித்து அறிந்ததும், உரிமம் உள்ளவர்கள் என் கதிரையில் உட்கார்ந்து பார்த்துச் சொன்னதும். போயிங், எயர்பஸ் காக்பிட் நான் கட்டியதில்லை, அதனால் அவற்றுக்கு வழி சொல்லப் போவதில்லை.

முதலில் விமானத்தைத் தெரிவு செய்யுங்கள். எல்லோருக்கும் ஆசை 737 மேல்தான். அதன் கூரைப் பெனலில் மட்டும் எத்தனை சுவிட்ச் என்று ஒரு படத்தை எடுத்து எண்ணிப் பாருங்கள். அதைத் துண்டு துண்டாகச் சேர்ப்பவர்களில் பலர் ஒரு நாளும் பறப்பதில்லை. அடுத்த பெனலுக்குக் காசு சேர்ப்பதிலேயே காலம் போய்விடுகிறது. செஸ்னா 172 உங்கள் காம்பராவுக்கு என்றே செய்த மாதிரி. உள்ளகலம் ஏறத்தாழ ஒரு மீட்டர். முகத்துக்கு நேரே ஆறு வட்டக் கருவிகள்: மேல் வரிசையில் வேகம், நிலைகாட்டி, உயரம், கீழ் வரிசையில் திருப்பம், திசை, ஏறும் இறங்கும் வீதம். பிறகு யோக், எஞ்சின் விசைக்கு த்ரொட்டில், எரிபொருள் கலவைக்கு மிக்ஸ்சர், யோக்கைப் பிடித்துக்கொண்டே இருக்காமல் மூக்கை ஒரே நிலையில் நிறுத்த ட்ரிம் சக்கரம், இறக்கையின் மடிப்புகளை இறக்க ஃப்ளாப் லீவர், கால் பெடல், ஒரு வரிசைச் சுவிட்ச். இரண்டு கைக்கும் இரண்டு காலுக்கும் இவ்வளவு வேலை போதும். பறக்கும் பாடசாலைகளில் உலகெங்கும் அதிகம் பாவிப்பதும் இந்த விமானத்தைத்தான்.

தெரிவு செய்தபின் கட்டத் தொடங்காதீர்கள், பறக்கத் தொடங்குங்கள். சாதாரண ஜோய்ஸ்டிக் ஒன்றை மேசையில் வைத்து ஒரு மாதம் பறந்துவிட்டு, கை எதைத் தேடிப் போகிறது என்று கவனியுங்கள். என்னிடம் ஆலோசனை கேட்டு வருபவர்கள் முதலில் கட்ட நினைப்பது ரேடியோ பெனல். பறந்து பார்த்தவர்களின் கை தேடுவது ட்ரிம் சக்கரத்தை. எது அடிக்கடி கைக்கு வேண்டியிருக்கிறதோ அதை முதலில் கட்டுங்கள். மீதி எல்லாம் மவுசிலேயே கொஞ்ச நாள் ஓடட்டும்.

சிமுலேட்டர் மென்பொருளில் உங்களுக்கு மூன்று வழி. ஃப்ளைட்கியர் முழுக்க இலவசம், பழைய இயந்திரத்திலும் ஓடும். எக்ஸ்-பிளேன் 12க்கு இலவச மாதிரிப் பதிப்பு உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் தாங்குமா என்று காசு கொடுக்கும் முன்பே பார்த்துவிடலாம். மைக்ரோசொஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் 2020 பதிப்பு கண்ணுக்கு மிக அழகு. ஆனால் அது 150 ஜிபி இடம் கேட்கும், நிலக்காட்சியைப் பறக்கும்போதே இணையத்திலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கும், 20 எம்பிபிஎஸ் வேகத்தைப் பரிந்துரைக்கிறது. மழை நாளில் 4ஜி சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில், டேட்டா பெக்கேஜை எண்ணிப் பாவிப்பவர்களுக்கு அது சரிவராது. நான் ஃப்ளைட்கியரில் தொடங்கி எக்ஸ்-பிளேனுக்குப் போகச் சொல்வேன்.

கட்டும் வேலை கதிரையில் தொடங்குகிறது. பழைய வான் சீட் ஒன்று போதும். அதைத் தரையில் நிரந்தரமாகப் பொருத்தி, உட்கார்ந்து, கண் எந்த உயரத்தில் நிற்கிறது என்று சுவரில் பென்சிலால் கோடு போடுங்கள். பெனலின் மேல் விளிம்பு, மொனிட்டரின் நடு, யோக்கின் உயரம் எல்லாம் அந்தக் கோட்டிலிருந்துதான் கணக்கு. பெனலை முதலில் செய்துவிட்டுக் கதிரையைப் பிறகு தேடினால் ஒன்றில் முழங்கால் இடிக்கும், இல்லாவிட்டால் உயரமானி யோக்குக்குப் பின்னால் மறையும். வட்டக் கருவிகளுக்கு உண்மையான விமானப் பெனலில் வெட்டும் துளை 3 1/8 அங்குலம், அதாவது 79 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதே அளவில் பிளைவுட்டில் துளை போட்டு, பின்னால் பழைய மொனிட்டர் ஒன்றை வைத்து, ஊசிகளைத் திரையில் ஓடவிட்டால் ஆறு கருவிகளும் ஒரே நாளில் கிடைத்துவிடும். ஒவ்வொன்றையும் மோட்டாரில் செய்வது பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இனி காசு போக வேண்டிய இடம். ஓர் இலட்சத்தில் பாதியை யோக்குக்கும் பெடலுக்கும் ஒதுக்குங்கள். பெடல் இல்லாமல் பழகுவதைக் கடுமையாக எதிர்க்கிறேன். செஸ்னாவின் புரொப்பெல்லர் விமானி இருக்கையிலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றுவதால், ஓடுபாதையில் முழு விசையில் ஓடும்போது மூக்கு இடப்பக்கம் இழுக்கும். வலக்காலால் அதைத் தாங்குவது முதல் நாள் பாடம். ஜோய்ஸ்டிக்கை முறுக்கிப் பழகிய கைக்கு அதை மறக்க நெடுங்காலம் எடுக்கும். யோக் வாங்குவதானால் அது எத்தனை பாகை திரும்பும் என்று கேளுங்கள். மலிவானவை மொத்தமே 90 பாகை திரும்பும், நல்லவை 180. 90இல் சின்ன அசைவுக்கே விமானம் துள்ளும்.

பெடலை நீங்களே செய்யலாம். இரண்டு பலகை, கதவுப் பிணைச்சல், ஸ்பிரிங், நடுவில் சுழலும் ஓர் அச்சு. அச்சின் அசைவை அளக்க எல்லோரும் பொட்டென்ஷியோமீட்டர் போடச் சொல்வார்கள். நம் பக்கத்துக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதன் உள்ளே கரிப் பூச்சின் மேல் ஒரு சிறு உலோக நாக்கு உரசிக்கொண்டு போகிறது. ஈரமும் தூசும் சேர்ந்தால் அந்த உரசல் விட்டு விட்டுத் தொடும். ஆர்டுவினோவில் எண்ணைப் பார்த்தால் தெரியும்: காலை அசைக்காமல் வைத்திருக்கும்போதே 512, 514, 511 என்று நின்ற எண் திடீரென 640க்குப் பாய்ந்து திரும்பும். திரையில் மூக்கு வெட்டி வெட்டி ஆடும். அதற்குப் பதில் 49ஈ என்று கேட்டு வாங்கும் ஹோல் சென்சர் போடுங்கள். ஒன்றையொன்று தொடும் பாகமே கிடையாது. காந்தம் ஒன்றை அச்சில் ஒட்டி, சென்சரைச் சட்டத்தில் அசையாமல் பொருத்தினால் காந்தம் திரும்பும் அளவுக்கு ஏற்ப மின்னழுத்தம் மாறும். காந்தம் அருகில் இல்லாதபோது 5 வோல்ட்டில் பாதி, 2.5 வோல்ட் வாக்கில் நிற்கும். இரண்டு காந்தங்களை எதிரெதிரே வைத்து நடுவில் சென்சரை நிறுத்தினால் அசைவும் எண்ணும் இன்னும் சீராக ஒத்துப் போகும். சட்டத்துக்குப் பக்கத்தில் இரும்புத் துண்டு வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அது காந்தப் புலத்தைக் கோணலாக்கும்.

ஆர்டுவினோவில் இரண்டு வகை வாங்குங்கள். ப்ரோ மைக்ரோ என்ற சின்னப் பலகையில் அதற்குரிய நிரலை ஏற்றினால் கம்ப்யூட்டர் அதை ஜோய்ஸ்டிக் என்றே ஏற்றுக்கொள்ளும். பெடல், த்ரொட்டில், ட்ரிம்முக்கு அது. சுவிட்ச்சுக்கும் விளக்குக்கும் மெகா 2560. அதில் 54 டிஜிட்டல் பின்கள் இருப்பதால் செஸ்னா முழுவதும் ஒன்றிலேயே அடங்கும். மெகாவையும் சிமுலேட்டரையும் இணைக்க மொபிஃப்ளைட் என்ற இலவச மென்பொருள் மைக்ரோசொஃப்ட்டுக்கும் எக்ஸ்-பிளேனுக்கும் வேலை செய்யும், கோட் எழுதத் தேவையில்லை. சுவிட்ச்களை ஹட்டன் டவுனில் ஓட்டோ பார்ட்ஸ் கடையிலும் ஹாட்வெயார் கடையிலும் பார்த்து, தட்டிப் பார்த்து வாங்குங்கள். விரலுக்குத் தெளிவாகக் கிளிக் என்று படுவது வேண்டும். ட்ரிம் சக்கரத்துக்கு நான் பாவிப்பது பழைய தையல் மெசின் சக்கரம். கனமான வார்ப்பிரும்பு, கையில் உண்மையாகவே விமானத்தின் பாரம் இருக்கிற மாதிரி நிற்கும். விளக்குகளில் ஓர் எச்சரிக்கை: ஓர் எல்ஈடி 20 மில்லியம்பியர் எடுத்தால் நாற்பதுக்கு 800. யூஎஸ்பி 2.0 துளை ஒன்று தருவது 500தான். எல்ஈடிகளுக்குத் தனி 5 வோல்ட் சப்ளை போட்டு, அதன் நெகடிவ்வை மட்டும் ஆர்டுவினோவின் கிரவுண்டோடு இணைத்துவிடுங்கள்.

இப்போது நான் மிகவும் அக்கறைப்படும் விடயம். பழைய லயங்களில் ஒழுங்கான ஏர்த் இல்லாத வீடுகள் நிறைய. கம்ப்யூட்டரின் இரும்புப் பெட்டியைத் தொட்டால் விரலில் சுள்ளென்று இருந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். அதன் பவர் சப்ளைக்குள் உள்ள வடிகட்டி கொஞ்சம் மின்சாரத்தை ஏர்த்துக்கு அனுப்பப் பார்க்கிறது, ஏர்த் இல்லாததால் அது பெட்டியிலேயே நிற்கிறது. நீங்கள் கட்டப்போவது கையால் தொட்டுக்கொண்டே இருக்கும் சாதனம், பல இடத்தில் உலோகம் இருக்கும். ஆகவே முதல் ஸ்க்ரூவுக்கு முன்னால் அனுபவமுள்ள எலக்ட்ரீசியனை வைத்து ஏர்த்தை அளந்து பாருங்கள். 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். பக்கத்து வீட்டு லைனிலிருந்து வயர் இழுத்துக் காக்பிட் ஓட்டாதீர்கள். இதில் மிச்சம் பிடிக்கும் காசு எதற்கும் உதவாது.

இடிக்கு ஒரே மருந்து பிளக்கைக் கழற்றுவது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்குப் பிறகு இடி கூடுதலாக வரும் என்பது உங்களுக்கே தெரியும். அந்த மாதங்களில் காலையில் பறங்கள், மத்தியானம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். செம்புக் கம்பியில் வரும் டெலிபோன் இணைப்பு இருந்தால் அதையும் சேர்த்து. சேர்ஜ் ப்ரொடெக்டர் சின்ன ஏற்ற இறக்கத்துக்கு நல்லது, பக்கத்தில் விழும் மின்னலுக்கு அதை நம்ப முடியாது. யூபிஎஸ் வாங்கினால் வீஏ கணக்கை வாட்ஸ் என்று எடுக்காதீர்கள். 650 வீஏ என்று எழுதிய சாதாரண யூபிஎஸ் பெரும்பாலும் 360 முதல் 390 வாட்ஸ்தான் தாங்கும். கரண்ட் போனால் ஒழுங்காக மூடிவிட்டு எழும்ப அது போதும், பறப்பைத் தொடரப் போதாது.

ஈரத்துக்கு எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகை ஆகாது. தென்மேல் மழையில் மஸ்கெலியா நனைந்துகொண்டே இருக்கும் மாதங்களில் அதன் விளிம்பு பாணைப் போல ஊதிவிடும், ஸ்க்ரூ பிடி விட்டுவிடும். 12 மில்லிமீட்டர் பிளைவுட் வாங்கி, வெட்டிய விளிம்புக்கும் சேர்த்து இரு பக்கமும் பெயின்ட் அடியுங்கள். சட்டத்தைச் சீமெந்துத் தரையில் நேராக வைக்காமல் கட்டையில் தூக்கி வையுங்கள், சுவரிலிருந்து ஒரு கையளவு தள்ளி. கொனெக்டர்களை மாதத்துக்கு ஒரு தடவை கழற்றிக் கழற்றிப் போட்டாலே பாதிப் பிரச்சினை வராது.

மொனிட்டர் பற்றி அதிகம் கேட்டிருந்தீர்கள், ஆனால் இதில் சொல்லக் கொஞ்சம்தான் இருக்கிறது. 32 அங்குலத் திரையைக் கண்ணிலிருந்து 70 சென்டிமீட்டரில் வைத்தால் அது அடைக்கும் கோணம் சுமார் 54 பாகை. 24 அங்குலம் என்றால் சுமார் 42. சிமுலேட்டரின் பார்வைக் கோணத்தை அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வையுங்கள். அகலமாகத் தெரியட்டும் என்று 90க்கு ஏற்றினால் ஓடுபாதை உண்மையைவிடத் தூரமாகத் தெரியும், தரையிறங்கும்போது உயரத்தைக் கண் தவறாகவே கற்றுக்கொள்ளும். பக்கத்தில் பார்க்க மூன்று திரைக்குப் பதில் ஓபன்ட்ராக் என்ற இலவச மென்பொருளும் ஒரு வெப்கேமும் இப்போதைக்குப் போதும். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். அசையும் மேடை வேண்டாம்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். வீட்டுக் காக்பிட் செயல்முறையை நன்றாகக் கற்றுத்தரும்: செக்லிஸ்ட், ரேடியோவில் பேசும் ஒழுங்கு, கருவிகளைக் கண் சுற்றிவரும் பழக்கம், வரைபடம் வாசிப்பது. இதில் சந்தேகம் இல்லை. அமெரிக்கரான எட்வின் லிங்க் 1929இல் தன் தகப்பனாரின் ஓர்கன் தொழிற்சாலைத் துருத்திகளை வைத்துத் தன் விமானப் பயிற்சிப் பெட்டியைச் செய்த காலத்திலிருந்து இது நிரூபணமான விடயம். உடம்பால் உணர வேண்டியதை அது தராது. தரையைத் தொடும் கடைசி நொடியில் இருக்கையில் தெரியும் பாரம், யோக்கில் கைக்குத் திரும்பி வரும் காற்றின் இறுக்கம் இரண்டும் இங்கே கிடையாது. ஒரு கெட்ட பழக்கமும் தொற்றும்: கண்ணைக் கருவியிலேயே வைத்திருப்பது. வெளியே பார்த்துப் பறக்கப் பழக, பெனலைத் துணியால் மூடிவிட்டுச் சில நாள் பறங்கள்.

உங்கள் ஊர்க்காரருக்கு இன்னொரு பாடம் இந்தச் சிமுலேட்டரில் இருக்கிறது. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு வந்த மார்ட்டின் எயார் டிசி-8 விமானம் கட்டுநாயக்கவில் இறங்கப் பதிந்து வரும்போது ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேரில் ஒருவரும் தப்பவில்லை. விமானம் பழுதாகவில்லை. விமான நிலையத்துக்குக் கிட்ட வந்துவிட்டோம் என்று நினைத்து இறங்கினார்கள், கீழே இருந்தது நம் மலை. மஸ்கெலியா, நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துப் பெரியவர்களிடம் கேளுங்கள், அந்த இரவைப் பற்றிச் சொல்வார்கள்.

இதைக் காக்பிட்டில் நீங்களே உணரலாம். இரத்மலானையில் கிளம்பி, களனி ஆற்றைப் பிடித்துக்கொண்டு தாழ்வாகக் கித்துல்கலை வரை வாருங்கள். அங்கிருந்து மஸ்கெலியா நேர்கோட்டில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். அதற்குள் நிலம் ஆயிரம் மீட்டருக்கு மேல் எழுகிறது. 100 நொட் (மணிக்கு 185 கிலோமீட்டர்) வேகத்தில் அந்தத் தூரத்துக்கு எட்டு நிமிடம். பாரம் ஏற்றிய செஸ்னா நிமிடத்துக்கு 500 அடி ஏறினால் எட்டு நிமிடத்தில் 4,000 அடி. பள்ளத்தாக்கின் தரைக்கு அது மட்டுமட்டாகப் போதும், இரு பக்கமும் நிற்கும் முகடுகளுக்குப் போதாது. திரும்ப நினைக்கும்போது திரும்ப இடம் இருக்காது. அடுத்த தடவை கடற்கரையிலேயே உயரத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள். சிவனொளிபாதமலை 7,359 அடி, பிதுருதலாகல 8,281 அடி. கருவிகளை நம்பிப் பறக்கும்போது மலைப் பகுதியில் மிக உயர்ந்த தடைக்கு மேல் 2,000 அடி இடைவெளி என்பது சர்வதேச விதி. கூட்டினால் 10,281. அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிப் பெனலில் ஒட்டி வையுங்கள். முகிலுக்குள் மலைநாட்டைக் கடக்கும்போது அதற்குக் கீழே ஊசி போகக்கூடாது.

உரிமம் பற்றியும் தெளிவாக இருங்கள். தனியார் விமானி உரிமத்துக்குச் சர்வதேசக் குறைந்தபட்சம் 40 மணித்தியாலப் பறப்பு. அதில் அதிகபட்சம் 5 மணித்தியாலத்தைத்தான் சிமுலேட்டரில் கணக்கில் எடுக்க அனுமதி உண்டு, அதுவும் சிவில் விமான சேவை அதிகாரசபை தரம் பார்த்து ஏற்ற சாதனத்தில், பயிற்றுநரின் கீழ். வீட்டில் கட்டியதில் எத்தனை நூறு மணித்தியாலம் பறந்தாலும் பதிவேட்டில் ஏறாது. ஆனால் செக்லிஸ்ட்டும் ரேடியோவும் கைவந்துவிட்ட மாணவர் இரத்மலானையில் வாடகை விமானத்தில் ஏறும்போது, காசு கொடுத்த ஒவ்வொரு மணித்தியாலத்தையும் பறப்பதற்கே செலவழிக்கலாம். அந்த யோசனை இருந்தால், காக்பிட்டில் அதிகம் செலவழிக்கும் முன் தனியார் விமானி உரிமத்துக்கு வேண்டிய இரண்டாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். கண்ணாடி போடுவது பெரும்பாலும் தடையில்லை, நிறக் குருடு இருந்தால் கட்டுப்பாடுகள் வரலாம்.

அண்ணன் அனுப்பிய கம்ப்யூட்டரில் எந்த கிராஃபிக்ஸ் கார்ட், எத்தனை ஜிபி ரேம், பவர் சப்ளையில் எத்தனை வாட்ஸ் என்று எழுதியிருக்கிறது என்பதை ஒரு படம் எடுத்துப் போடுங்கள். அதைப் பார்த்து எக்ஸ்-பிளேன் ஓடுமா, எந்த யூபிஎஸ் என்று சொல்கிறேன். பெடலுக்கான பலகை அளவுகளையும் அப்போது சேர்த்து எழுதுகிறேன். அதற்கு உங்கள் இருக்கையிலிருந்து குதிக்கால் வரை உள்ள தூரம் வேண்டும், அளந்து வையுங்கள்.